வேடிக்கை பார்க்கும் பிள்ளையைத் துணைநிற்க வைப்பது எப்படி? மலையகப் பாடசாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவில் பாடசாலை மைதானங்களில் ஒளிப்பதிவுக் கருவி வைத்து, பிள்ளைகள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நடந்தது. லின் ஹாக்கின்ஸ், டெப்ரா பெப்ளர், வென்டி கிரெய்க் ஆகியோர் அதை 2001 இல் வெளியிட்டார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை வதைத்த சம்பவங்களில் 88 வீதமானவற்றில் சுற்றிலும் வேறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர்களில் யாராவது குறுக்கே வந்தது 19 வீதத்தில்தான். அப்படி வந்தபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 செக்கனுக்குள் விஷயம் அடங்கிவிட்டது.

10 செக்கனுக்குள் எந்த ஆசிரியரும் ஓய்வறையிலிருந்து மைதானத்துக்கு வந்து சேர முடியாது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையால் முடியும். அந்தப் பிள்ளையைத் தயார்செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இலங்கையின் மலையகத்தில் தரம் 4 முதல் தரம் 11 வரையான வகுப்பாசிரியர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "அநியாயத்தைக் கண்டா தைரியமா தட்டிக் கேளுங்க" என்று காலைக் கூட்டத்தில் பேசுவதால் எதுவும் மாறுவதில்லை. பிள்ளை கைதட்டும், வகுப்புக்குப் போகும், இடைவேளையில் பழையபடி வேடிக்கை பார்க்கும். அதற்குத் தைரியம் இல்லை என்பதல்ல காரணம். அந்த நேரத்தில் வாயைத் திறந்து என்ன சொல்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது, சொன்ன பிறகு தனக்கு என்ன நடக்கும் என்பது ஒன்றும் அதற்குத் தெரியாது. ஆகவே, பிள்ளையிடம் வீரத்தைக் கேட்காமல், செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

எது சண்டை, எது வதை

நோர்வே நாட்டு உளவியலாளர் டான் ஒல்வியுஸ் 1970களில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர். அவர் காட்டிய அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையில் பலம் சமமாக இல்லாதது. சம பலமுள்ள இரண்டு பேர் எல்லே விளையாட்டில் அடித்துக்கொள்வது சண்டை. அதை விலக்கிவிட்டால் போதும். ஒரே பிள்ளையை நாலு பேர் வாரக்கணக்காகப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வதை. அங்கே "ரெண்டு பேரும் கை குடுங்க" என்பது வேலைக்காகாது.

பலம் என்றால் உடம்பு மட்டும் அல்ல. மலையகத்தில் அது பல உருவத்தில் வரும். தோட்டத்தின் ஒரே டிவிஷனிலிருந்து, அதாவது ஒரே பிரிவிலிருந்து, கூட்டமாக வருகிறவர்களுக்குப் பலம் இருக்கிறது, வேறு தோட்டத்திலிருந்து தனியாக வருகிற பிள்ளைக்கு இல்லை. தரம் 5 புலமைப்பரிசில் எழுதி, தோட்டப் பாடசாலையிலிருந்து நகரப் பாடசாலையின் தரம் 6க்கு வந்து சேர்கிற பிள்ளையைக் கவனியுங்கள். நேற்றுவரை வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை, இன்றைக்கு "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை முதல் தடவையாக முகத்துக்கு நேரே கேட்கிறது. மழைக்காலத்தில் சீருடையை அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைக்க முடியும். அந்தப் புகை வாசத்துக்காக மூக்கைப் பொத்திக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சப்பாத்தில் ஒட்டிய சேறு, சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் ரொட்டி, வெளிநாட்டில் வேலைசெய்யும் அம்மாவைப் பற்றிய பேச்சு, கறுப்பு நிறம், திக்குவாய், காதோடு காதாகச் சொல்லப்படும் சாதிப்பெயர் என்று பட்டியல் நீளும். இவற்றை ஆசிரியர் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். "கேலி செய்யக் கூடாது" என்று பொதுவாகச் சொன்னால், தான் செய்வதும் அதில் சேர்த்தி என்று எந்தப் பிள்ளைக்கும் படாது.

இன்னொன்று. ஆசிரியரே ஒரு பிள்ளையைப் பட்டப்பெயரால் கூப்பிடுகிற வகுப்பில் இந்த வழிகாட்டியின் எந்தப் படியும் வேலை செய்யாது. அதை நிறுத்திவிட்டு மேலே வாசியுங்கள்.

படி 1: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம் போதும். வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டிமைத் தாள் கொடுங்கள். பாடசாலையையும் வீட்டுக்குப் போகும் பாதையையும் வரையச் சொல்லுங்கள். "சின்னப் பிள்ளைகள் தனியா போகப் பயப்படுற இடம்" எதுவோ அங்கே சிவப்புப் புள்ளி. "யாரு பயப்படுத்துறாங்க?" என்று கேட்காதீர்கள். தாளில் எந்தப் பெயரும் வரக் கூடாது. ஏதாவது சம்பவம் நடந்த மறுநாள் இதைச் செய்யாதீர்கள், விசாரணை போல ஆகிவிடும்.

புள்ளிகள் பெரும்பாலும் ஒரே இடங்களில் குவியும்: மலசலகூடத்தின் பின்பக்கம், குழாயடி, ஆசிரியர் மாறுகிற அந்த ஐந்து நிமிடம், பஸ் தரிப்பிடம், பிறகு தேயிலை மலைக்குள் போகிற குறுக்குப்பாதை. கடைசியில் சொன்னதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஒன்றரை மணிக்கு மணி அடித்த பிறகு நடந்தே வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, பாதை என்பது பாடசாலையின் இன்னொரு மைதானம். அங்கே ஆசிரியர் கிடையாது. கொழுந்து மலையில் வேலைசெய்கிறவர்களின் கண்ணுக்கும் எல்லா வளைவும் படாது. ஆனால் அங்கே கூட நடக்கிற பிள்ளைகள் உண்டு. துணைநிற்கப் பழக்கவேண்டிய முதல் குழு அவர்கள்தான்.

படி 2: "எனக்கு மட்டும்தான் பிடிக்கல்ல" என்ற நினைப்பை உடையுங்கள்

சிரிக்கிற பிள்ளைகளில் பலருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருவதில்லை. அடுத்த ஆள் தான்தான் என்ற பயத்தில் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் சிரிப்பைப் பார்த்து, "எல்லாருக்கும் இது பிடிச்சிருக்கு போல" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு துண்டுச் சீட்டு போதும்.

கொப்பித் தாளை எட்டாக வெட்டி, ஒரே அளவிலான சீட்டுகள் தயார்செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்வி. முதலாவது: வகுப்பில் ஒருவரைத் தொடர்ந்து நக்கலடிக்கும்போது உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? இரண்டாவது: வகுப்பில் எத்தனை பேருக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறாய்? பதில் சரி அடையாளமும் ஓர் இலக்கமும்தான். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் வசனம் எழுத வைக்காதீர்கள். பேனை மையின் நிறமும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், ஆகவே எல்லாரும் பென்சில். சீட்டுகளை பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுக் குலுக்குங்கள். வகுப்புத் தலைவரைக் கொண்டு சேகரிக்க வேண்டாம், டின்னை நீங்களே கொண்டுபோங்கள்.

எண்ணிப் பார்த்தால், உண்மையில் பிடிக்கும் என்றவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கப்பட்டவர்களுக்கும் இடையில் பெரும்பாலும் நல்ல இடைவெளி தெரியும். அதைக் கரும்பலகையில் எழுதுங்கள்: "பிடிக்காது என்றவர்கள் இத்தனை பேர். பிடிக்கும் என்று நாம் நினைத்தவர்கள் இத்தனை பேர்." விளக்கவுரை தேவையில்லை, ஒரு நிமிடம் அமைதியாக விடுங்கள். எப்போதாவது "பிடிக்கும்" என்ற பதில் கூடுதலாக வந்தால் பலகையில் எழுதாதீர்கள். அது செய்கிறவர்களுக்கு ஊக்கமாகிவிடும். அந்த வகுப்பில் நேரே படி 6இலிருந்து, சிறு குழுவோடு தொடங்குங்கள்.

படி 3: மேடையில் யார் யார் நிற்கிறார்கள்

பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் பார்வையையே மாற்றியது. அதுவரை இரண்டு பேரின் பிரச்சினையாகப் பார்த்ததை, ஒரு வகுப்பே சேர்ந்து ஆடுகிற ஆட்டமாக அவர்கள் காட்டினார்கள். செய்கிறவர், அவருக்குக் கைகொடுக்கிற கூட்டாளி, சிரித்துத் தீனிபோடுகிறவர், கண்டும் காணாமல் ஒதுங்குகிறவர், துணைநிற்கிறவர், பாதிக்கப்படுகிறவர் என்று ஆறு வேடங்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பாடவேளை எடுங்கள். தரம் 6 முதல் 9 வரை வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியுரிமைக் கல்வியும் பாடத்துக்குள் இது இயல்பாகப் பொருந்தும். பலகையில் ஆறு வட்டம் வரையுங்கள். வகுப்பில் யாருக்கும் பொருந்தாத ஒரு கற்பனைச் சம்பவத்தைச் சொல்லுங்கள். "ஒதுங்கிப் போனவரைப் பார்த்து, செய்கிறவர் என்ன நினைப்பார்?" என்று கேளுங்கள். "அவனுக்கும் சரின்னுதான் பட்டிருக்கும்" என்ற பதில் பிள்ளைகளிடமிருந்தே வரும். அதுதான் அன்றைய பாடம். ஒதுங்குவதும் ஒரு பதில்தான் என்பதை நீங்கள் சொல்வதைவிட அவர்கள் வாயால் வருவது நல்லது.

நடித்துக் காட்ட வைத்தால், நிஜத்தில் வதைபடுகிற பிள்ளைக்கு அந்த வேடத்தைக் கொடுக்காதீர்கள். நிஜத்தில் வதைக்கிற பிள்ளைக்கு அந்த வேடமும் வேண்டாம், அது மேடை கிடைத்த சந்தோஷத்தில் வெளுத்துவாங்கும். வட்டங்கள் ஆட்களின் பெயர் அல்ல என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். காலையில் சிரித்தவர் மாலையில் துணைநிற்கலாம்.

படி 4: ஐந்து வேலைகள்

எளிதிலிருந்து கஷ்டத்துக்குப் போகும் வரிசை இது. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் கடைசியும் போதும். ஐந்தையும் செய்யும்படி யாரையும் கேட்காதீர்கள். ஆளுக்கு ஒன்றைத் தெரிவுசெய்யட்டும்.

முதலாவது, சிரிக்காமல் நகர்ந்துபோவது. சபை கலைந்தால் கூத்து நிற்கும். கூச்சமுள்ள பிள்ளையும் செய்யக்கூடியது இது. ஆனால் கூட ஒருவரையாவது இழுத்துக்கொண்டு நகர வேண்டும், இல்லாவிட்டால் இது ஒதுங்குவதாகவே முடியும்.

இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் போய் உட்காருவது. எங்கள் பார்வையில் ஐந்திலும் மதிப்புள்ளது இதுதான். இதைச் செய்ய எதிராளியைச் சந்திக்கத் தேவையில்லை, பலமும் தேவையில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் மனதில் "எல்லாரும் எனக்கு எதிர்" என்ற எண்ணம் கெட்டிப்படுவதற்குள் அதை உடைத்துவிடும். சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "நா பாத்தேன். அவனுங்க செஞ்சது சரியில்ல. வா, சேந்து சாப்புடுவோம்." "அழாத", "கண்டுக்காத", "நீ ஏன் சும்மா இருந்த?" இந்த மூன்றும் வேண்டாம். கடைசிக் கேள்வி குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் தலையில் கட்டுகிறது.

மூன்றாவது, அழைத்துக்கொண்டு போவது. செய்கிறவரைப் பார்க்கவே வேண்டாம். பாதிக்கப்படுகிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்: "வா, தண்ணி குடிச்சிட்டு வருவோம்." "அந்தக் கணக்குக் கொப்பிய கொஞ்சம் குடேன்." அந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குத் தனி அர்த்தம் உண்டு, அதுவரை காதில் விழுந்ததெல்லாம் பட்டப்பெயர்தானே. "சேர் கூப்பிடுறாரு" என்று பொய் சொல்லப் பழக்காதீர்கள். இரண்டாவது தடவை அது எடுபடாது.

நான்காவது, இரண்டு பேராக நின்று "போதும், விடு" என்று சொல்வது. தனியாக ஒரு பிள்ளை இதைச் செய்யப் போக வேண்டாம். சில விதிகள் உண்டு. வசனம் மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது. "ஏன் செய்யிற?" என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் வரும், வாக்குவாதம் தொடங்கும். ஆகவே கேள்வி வேண்டாம். தூஷணம் வேண்டாம். கை படாத தூரத்தில், ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். சொன்னதும் பாதிக்கப்பட்ட பிள்ளையோடு அங்கிருந்து நடந்துவிட வேண்டும். பதிலுக்குக் காத்து நின்றால் ஆட்டம் நீளும்.

ஐந்தாவது, பெரியவர் ஒருவரிடம் சொல்வது. அதற்கு அடுத்த படியே தனியாக இருக்கிறது.

இனி ஒத்திகை. இதைத் தவிர்ப்பதுதான் ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை. மூன்று பேர் கொண்ட குழுக்கள், ஒருவருக்கு இரண்டு நிமிடம், ஒவ்வொரு வசனமும் மூன்று தடவை, சத்தமாக. முதல் தடவை எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது தடவை குரல் நிமிரும். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் வாய்க்கு வருவது ஏற்கெனவே சொல்லிப் பழகிய சொல் மட்டும்தான். வசனங்களை வீட்டுப் பேச்சில் பழக்குங்கள். பாடப்புத்தகத் தமிழில் "நிறுத்துங்கள், இது தவறு" என்று சொல்கிற பிள்ளைக்கு அடுத்த பட்டப்பெயர் தயாராகிவிடும்.

அமெரிக்காவில் ஜோன் டார்லி, பிப் லட்டானே ஆகிய இருவரும் 1968 இல் காட்டிய ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர் எண்ணிக்கை கூடக் கூட, "வேற யாராவது பாத்துக்குவாங்க" என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் பொறுப்பு நாற்பதாகச் சிதறுகிறது. ஆகவே "நீங்கள் எல்லாரும்" என்று பேசாமல், "குழாயடியில நீங்க ரெண்டு பேரு, பாதையில நீங்க மூணு பேரு" என்று ஆளையும் இடத்தையும் குறித்துக் கொடுங்கள். படி 1இல் வரைந்த தாள் இதற்குத்தான்.

பெண்பிள்ளைகளிடையே பெரும்பாலும் அடி இருக்காது, "யாரும் அவளோட பேசக் கூடாது" என்ற கட்டளை இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பு அமைதியாகவே தெரியும். இங்கே "போதும், விடு" என்று சொல்ல இடமே இல்லை. அழிறப்பர் கடன் கேட்பது, வலைப்பந்து அணி பிரிக்கும்போது முதல் ஆளாகப் பெயர் சொல்வது, வாங்கில் இடம் விடுவது ஆகியவைதான் இங்கே துணை. சீருடையில் மாதவிடாய்க் கறை பட்ட பிள்ளையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தால், தன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டக் கொடுத்து டீச்சரிடம் அழைத்துப்போகலாம். மலைநாட்டுக் குளிரில் அனேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து ஸ்வெட்டர் இருக்கும்.

படி 5: கோள் சொல்வதும் உதவி கேட்பதும்

"கோள்மூட்டி" என்ற பட்டம் மலையகப் பிள்ளையின் வாயை நன்றாகவே கட்டிப்போட்டிருக்கிறது. வித்தியாசத்தை ஒரே கேள்வியில் பழக்குங்கள்: நீ சொல்வது ஒருத்தரை மாட்டிவிடவா, ஒருத்தரைக் காப்பாற்றவா? காப்பாற்ற என்றால் அது கோள் அல்ல.

ஆனால் உண்மையான பூட்டு பிள்ளையிடம் இல்லை, ஆசிரியரிடம் இருக்கிறது. சொன்ன பிள்ளையின் பெயர் வகுப்பில் ஒரு தடவை வெளியே வந்தால் அந்தத் தவணை முழுவதும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். "ஒன்னப் பத்தி ஒருத்தர் வந்து சொன்னாங்க" என்ற அரைகுறை வசனமும் வேண்டாம், யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். "இன்னைக்கு இடைவேளையில நடந்ததப் பத்திப் பேசணும்" என்று தொடங்கினால் போதும். பிரம்பை எடுத்தாலோ, பாதையில் வைத்துப் பழிவாங்கல் வரும். அடி வாங்கியவர் அதன் கணக்கைச் சொன்ன பிள்ளையிடம்தான் தீர்ப்பார்.

பல பாடசாலைகளில் நடைவழியில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று தொங்கும். அது காலியாகவே கிடப்பதற்குக் காரணம் எளிது: யார் சீட்டுப் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். எப்படியும் ஆசிரியர் கைக்கு வருகிற வீட்டுவேலைக் கொப்பியைப் பயன்படுத்துங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தால், "இந்தப் பிள்ளை பேச விரும்புகிறது" என்று அர்த்தம். அதே நாளில், வேறு ஏதாவது காரணம் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று திரும்பக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை மறந்தால், முதல் தடவை சொன்னதே வீண் என்று பிள்ளை முடிவுசெய்துவிடும்.

படி 6: மூன்று நாலு பேர் கொண்ட துணைக்குழு

ஒரு பிள்ளை தொடர்ந்து வதைபடுவது உறுதியானால், முழு வகுப்புப் பாடம் போதாது. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் நாடு முழுவதும் பாடசாலைகளுக்குக் கொண்டுபோன கிவா திட்டத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. செய்கிறவர்களோடு பெரியவர்கள் தனியே பேசுவார்கள். அதற்குச் சமாந்தரமாக, வகுப்பாசிரியர் இரண்டு முதல் நாலு சகமாணவர்களைக் கூப்பிட்டு, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்கக் கேட்பார்.

இங்கே ஆள் தெரிவில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று மட்டும் எடுத்தால், வதைபட இன்னும் மூன்று பேரைத் தயார்செய்தது போலாகும். வகுப்பில் செல்வாக்குள்ள ஒருவராவது வேண்டும்: கிரிக்கெட் அணியில் இருப்பவர், நன்றாகப் பாடுகிறவர், பேச்சில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். அதே டிவிஷனிலிருந்து நடந்துவருகிற ஒருவரும் இருந்தால் பாதைக்கும் துணை கிடைக்கும்.

முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் சம்மதம் கேளுங்கள், யார் வேண்டும் என்றும் கேளுங்கள். பிறகு அந்த மூன்று நாலு பேரைப் பத்து நிமிடம் தனியே சந்தியுங்கள். யார் செய்கிறார் என்ற பேச்சே வேண்டாம். "அவனுக்கு வகுப்புல நாள் நல்லாப் போகல்ல. இந்தக் கிழமை நீங்க ஆளுக்கு ஒண்ணு என்ன செய்யலாம்?" யோசனை அவர்களிடமிருந்து வரட்டும். பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறேன், இடைவேளையில் கூப்பிடுகிறேன் என்ற அளவில் இருந்தால் போதும். "இனிமே நீங்க நண்பர்கள்" என்று கட்டளை போடாதீர்கள். அடுத்த கிழமை ஐந்து நிமிடம் கூடி, நடந்ததைக் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனால்

லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பிள்ளைகளின் பிரச்சினையை ஒரு அம்மா பீலிக்கரையில் வைத்துக் கேட்டால், இரவுக்குள் இரண்டு குடும்பமும் பேச்சு நிறுத்தும். அதற்குப் பழைய கடன், காணித் தகராறு, தொழிற்சங்கப் பகை எல்லாம் வந்து சேரும். மறுநாள் பாடசாலையில் வதை இரட்டிப்பாகும். இதனால்தான் "நமக்கெதுக்கு வம்பு, நீ பாட்டுக்கு வா" என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை ஏளனம் செய்யாதீர்கள், அனுபவத்தில் வந்த பயம் அது. வேறு ஒரு வசனத்தை அவர்கள் கையில் கொடுங்கள்: "நீ சண்டைக்குப் போகாத. ஆனா அந்தப் புள்ள கூட நட. என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு, நா சேர்கிட்ட பேசுறேன்." பெற்றோருக்கான விதி ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுக்குப் போகாமல் வகுப்பாசிரியரிடம் வருவது. இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில், ஒரே அறையில் கூப்பிடாமல் இருப்பது ஆசிரியரின் பங்கு.

"திருப்பி அடி" என்று சொல்லி அனுப்புகிற அப்பாமாரும் உண்டு. பலம் சமமில்லாததால்தான் அது வதை. பலமில்லாத பிள்ளை அடித்தால் கூடுதலாக வாங்கும், அல்லது ஆசிரியரிடம் மாட்டிக்கொள்ளும்.

மலைக்குப் போகிற பெற்றோரைப் பகலில் கூட்டத்துக்கு அழைத்தால் ஒருநாள் சம்பளம் போகும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். அம்மா வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம் என்றால், பாட்டியோடு நேரிலும் அம்மாவோடு குரல் பதிவிலும் பேசுங்கள். வதைபடுகிற பிள்ளை மட்டுமல்ல, துணைநின்ற பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை அழைத்து, "ஒங்க புள்ள இன்னைக்கு நல்ல காரியம் செஞ்சிச்சு" என்று சொல்லுங்கள். பாடசாலையிலிருந்து அழைப்பு என்றாலே முறைப்பாடுதான் என்று பழகிய வீட்டில் அந்தப் பேச்சு பல நாள் ஓடும்.

போனில் நடப்பது

வட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் படத்தைக் கேலியாக்கிப் போட்டால், சிரிப்புக் குறியும் சிரிப்புத்தான். பிள்ளைகளுக்கு நான்கு பழக்கம்: குறி போடாதே, அனுப்பாதே, அழிபடும் முன் திரைப்பிடிப்பு எடுத்துப் பெரியவரிடம் காட்டு, பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பு. குழுவுக்குள் வாதாட வேண்டாம். உடை இல்லாத படம் என்றால் மட்டும் திரைப்பிடிப்பும் எடுக்கக் கூடாது. அதே நிமிடம் பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

குறுக்கே போகக் கூடாத நேரம்

கத்தி, போத்தல், போதை, பாடசாலைக்கு வெளியே உள்ள பெரிய ஆட்கள், பாலியல் தொடுகை, ஒரே ஆளைப் பலர் சேர்ந்து அடிப்பது ஆகிய இடங்களில் ஓடிப்போய்ச் சொல்வதே துணை. இதை ஒத்திகையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்குள் தீராது என்றால், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. பிள்ளையே நேரடியாகப் பேசலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அணுகலாம். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிப் பேச்சு ஒரு பிள்ளையின் வாயில் வந்தால் அதைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.

எங்கே பிழைக்கும்

மாணவத் தலைவர்களைக் காவலாக நிறுத்துவது எளிதாகத் தெரியும். பட்டி அணிந்தவர்களே வதைக்கிற பாடசாலைகள் இருப்பதால், அவர்களுக்கும் ஒத்திகை முடிந்த பிறகே பொறுப்பு. துணைநின்றவர்களை மேடையில் ஏற்றிப் பதக்கம் கொடுப்பதும் கெடுதல், அவர்களைக் குறிபார்க்க எதிராளிக்கு ஒரு பட்டியல் கிடைக்கிறது. தனியே தோளில் தட்டிச் சொல்வது போதும். துணைநின்ற பிள்ளையையே திருப்பித் தாக்குவதும் நடக்கலாம். முதல் இரண்டு வாரத்துக்கு அந்தப் பிள்ளையைத் தனியே எங்கும் விடாமல், தினமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னும் ஒன்று அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை. வகுப்பில் வதை குறையக் குறைய, மிச்சமிருக்கிற அந்த ஓரிரு பிள்ளைகளின் மனநிலை மேலும் மோசமாகக்கூடும். முன்பு "எல்லாருக்கும்தான் நடக்குது" என்று ஆறுதல் இருந்தது. இப்போது "என்னில்தான் ஏதோ பிழை" என்று நினைக்கத் தொடங்கும். ஆகவே மொத்தக் கணக்கு குறைந்ததும் துணைக்குழுவைக் கலைத்துவிடாதீர்கள்.

அதிபரிடமும் முன்கூட்டியே ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். தொடங்கிய முதல் மாதத்தில் முறைப்பாடுகள் கூடும். வதை கூடியதால் அல்ல, வாய் திறந்ததால். "பாடசாலைக்குக் கெட்ட பெயர்" என்று பயந்து அந்த நேரத்தில் நிறுத்திவிடுகிற நிர்வாகங்கள் உண்டு. தவணை முடிவில் அதே பிஸ்கட் டின்னில், அதே பென்சிலில், மூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: கடந்த இரண்டு கிழமையில், உனக்குக் கஷ்டமான நேரத்தில் யாராவது உன் பக்கத்தில் வந்து நின்றார்களா? முறைப்பாடுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, "ஆம்" என்ற சீட்டுகளை எண்ணுங்கள்.